பிடி பளபளக்கலாம், நெஞ்சு புண்ணாகலாமா?

நம் உடல்நலம்: தோட்ட ஆஸ்பத்திரி உதவியாளர் எழுதுவது



கத்தியைத் தொடாமல் நமக்கு ஒரு நாள் பொழுது போகுமா? வேலைக்காட்டில் செடி கொடி வெட்டப் பாராங், வீட்டில் மீன் அறுக்க ஒரு கத்தி, தேங்காய் உடைக்க ஒரு கத்தி. இரும்பு வருஷக்கணக்கில் உழைத்தாலும் பிடி அத்தனை நாள் தாங்குவதில்லை. மழையில் ஊறி, வெயிலில் காய்ந்து, ஒரு நாள் வெடித்துப் போகும். முன்பெல்லாம் ஒரு கொய்யாக் கட்டையை வெட்டிச் செதுக்கிச் சொருகிக்கொண்டு மறுநாள் வேலைக்குப் போய்விடுவோம்.

இப்போது நம் இளைஞர்கள் சிலர் ஓய்வு நேரத்தில் கத்திக்குப் பிடி போடுவதை ஒரு கைத்தொழிலாகவே செய்கிறார்கள். மரத்துக்குப் பதில் ‘மைக்கார்டா’, ‘ஜி-10’, ‘கார்பன் ஃபைபர்’ என்று புதுவகைப் பலகைகளை வாங்கி அறுத்து, தேய்த்து, மெருகேற்றுகிறார்கள். தண்ணீரில் ஊறாது, கரையான் அரிக்காது, லேசில் வெடிக்காது. சம்பளத்துக்கு மேலே நாலு வெள்ளி வருகிறது என்றால் நல்ல காரியம்தான். அதைத் தடுப்பதற்காக இதை எழுதவில்லை.

சொல்ல வந்தது ஒன்றே ஒன்று. அந்தப் பலகையை அறுக்கும்போதும் தேய்க்கும்போதும் கிளம்புகிற தூசைக் காய்ந்தபடி பறக்க விடாதீர்கள். உங்கள் நெஞ்சுக்கும் ஆகாது. அஞ்சடியில் விளையாடும் பிள்ளையின் நெஞ்சுக்கும் ஆகாது. எப்படித் தடுப்பது என்பதைப் பார்ப்போம். செலவும் அதிகமில்லை.

இந்தப் பலகையில் என்ன இருக்கிறது?

எல்லாமே ஒரே மாதிரிச் சமாசாரம்தான். துணியையோ, காகிதத்தையோ, கண்ணாடி நூலையோ அடுக்கடுக்காக வைத்து, பிசின் ஊற்றி, சூட்டிலும் அழுத்தத்திலும் இறுக வைத்துவிடுகிறார்கள். பிறகு அது கல் மாதிரி ஆகிவிடுகிறது.

மைக்கார்டா என்பது துணி அல்லது காகித அடுக்கும் ஃபினாலிக் பிசினும் சேர்ந்தது. நம் பழைய வீடுகளில் கறுப்பாக இருந்த ‘பேக்லைட்’ சுவிட்சை எல்லோரும் பார்த்திருப்போம். லியோ பேக்லண்ட் என்ற விஞ்ஞானி 1909ல் உலகுக்கு அறிவித்த பொருள் அது. அந்தப் பிசின் குடும்பத்தைச் சேர்ந்ததுதான் மைக்கார்டாவும். 1910ஐ ஒட்டி அமெரிக்காவின் வெஸ்டிங்ஹவுஸ் கம்பெனி மின்சாரச் சாமான்களுக்காக இதைச் செய்யத் தொடங்கியது. கத்திப் பிடிக்கு வந்தது பிறகுதான்.

ஜி-10 என்பது கண்ணாடி நூலில் நெய்த துணியும் எபாக்சி பிசினும் சேர்ந்தது. ரேடியோவைக் கழற்றினால் உள்ளே சாமான்களைப் பற்றவைத்த பச்சைப் பலகை ஒன்று இருக்கும். பெரும்பாலும் அதுவும் இதன் உறவுதான். கார்பன் ஃபைபரில் கண்ணாடி நூலுக்குப் பதில் கரி நூல்.

ஆக, பலகையைத் தேய்த்தால் இரண்டு விதமான தூசு கிளம்புகிறது. ஒன்று பிசின் தூள். இன்னொன்று உடைந்த நூல். முழுப் பலகையாகக் கையில் பிடித்தால் ஒரு கெடுதலும் இல்லை. தூளானால்தான் தொல்லை.

கண்ணுக்குத் தெரியாத தூசுதான் மோசம்

ஒரு மில்லிமீட்டரை ஆயிரம் பங்காக்கினால் ஒரு பங்கு ஒரு மைக்ரான். நம் தலைமயிர் ஏறக்குறைய 70 மைக்ரான் பருமன். தூசு பெரிதாக இருந்தால் மூக்கிலும் தொண்டையிலும் ஒட்டிக்கொள்ளும்; தும்மினால், காறித் துப்பினால் வந்துவிடும். 10 மைக்ரானுக்கும் கீழே போனால் நெஞ்சுக்குள் இறங்கும். 4 மைக்ரான் அளவுக்கு வந்துவிட்டால் நுரையீரலின் அடியில் இருக்கும் சின்னஞ்சிறு காற்றுப் பைகள் வரைக்கும் போய் உட்கார்ந்துகொள்ளும். அங்கிருந்து அதை வெளியே தள்ளுவது உடம்புக்கு லேசான வேலை இல்லை.

கீழே விழுந்து கிடக்கும் தூளைப் பார்த்து, “அவ்வளவுதான் தூசு, கூட்டித் தள்ளியாச்சு” என்று பலர் நினைக்கிறார்கள். கீழே விழுந்தது பெரிய தூசு. பொடித்தூசு காற்றில் மணிக்கணக்காக மிதக்கும். சன்னல் வழியாக வெயில் கோடு விழும்போது அதற்குள் மினுமினுவென்று ஆடுவதைப் பார்த்திருப்பீர்களே! வேலையை முடித்துவிட்டு முகமூடியைக் கழற்றி உட்கார்ந்து காப்பி குடிக்கிற நேரத்தில் நாம் இழுப்பது அந்தத் தூசைத்தான்.

“கண்ணாடி நூலா! அப்போ அஸ்பெஸ்டாஸ் மாதிரி கேன்சர் வருமா, டிரஸ்ஸர்?” என்று சிலர் பயந்துபோய்க் கேட்கிறார்கள். நியாயமான கேள்வி. அஸ்பெஸ்டாஸ் நெட்டுவாக்கில் பிளந்து பிளந்து மேலும் மேலும் மெல்லிய இழையாகும். நெசவுக் கண்ணாடி நூல் குறுக்கே ஒடியும், மெல்லிசாகப் பிளக்காது. உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு மையம் 2002ல் வெளியிட்ட அறிக்கையில், இந்த வகைக் கண்ணாடி நூல் மனிதருக்குப் புற்றுநோய் தருமா என்று வகைப்படுத்தப் போதுமான ஆதாரம் இல்லை என்றே சொல்லியிருக்கிறது. ஆகவே வீண் பயம் வேண்டாம். ஆனால், “கேன்சர் இல்லை” என்றால் “கெடுதல் இல்லை” என்று அர்த்தமாகிவிடாது.

மரத்தூள்தான் நல்லது என்று திரும்பிப் போகவும் முடியாது. மரத்தூளை அதே மையம் 1995லேயே புற்றுநோய் தரும் பொருட்கள் பட்டியலில் சேர்த்துவிட்டது. எந்தத் தூசாக இருந்தாலும் இழுக்கக் கூடாது என்பதுதான் பாடம்.

என்னென்ன தொல்லை வரும்?

முதலில் தோல். உடைந்த கண்ணாடி நூல் முள் மாதிரி தோலில் குத்தும். மணிக்கட்டு, முழங்கை மடிப்பு, கழுத்து, இடுப்பில் சிலுவார் இறுக்கும் இடம், இங்கெல்லாம் சிவந்து அரிக்கும். சொறி சிரங்கு என்று நினைத்துக் கடையில் மருந்து வாங்கிப் பூசுகிறவர்கள் உண்டு. முள்ளை வைத்துக்கொண்டு மருந்து போட்டால் அரிப்பு எப்படி நிற்கும்?

இன்னொரு கஷ்டம், அரிப்பு தேய்த்தவரோடு நிற்பதில்லை. தூசு படிந்த சட்டையைப் பிள்ளையின் துணியோடு ஒரே மிஷினில் போட்டால், நூல் துணிக்குத் துணி தாவும். பிள்ளை ராத்திரியெல்லாம் சொறிந்துகொண்டு அழும். காரணம் தெரியாமல் தாய் தவிப்பாள்.

அடுத்தது பிசின் ஒவ்வாமை. முழுதாக இறுகிய பிசின் அதிகமாக உபத்திரவம் செய்வதில்லை. சரியாக இறுகாத பிசினும், பிடியை ஒட்டுவதற்குக் கலக்கும் எபாக்சி பசையும்தான் ஆபத்து. கொஞ்ச நாள் ஒன்றும் தெரியாது. ஒரு நாள் உடம்பு “இது எனக்கு ஆகாது” என்று முடிவு செய்துவிடும். அதன்பிறகு ஒரு சொட்டுப் பட்டாலும் கை வீங்கும், கொப்பளிக்கும், கண் இமை தடிக்கும். பெரும்பாலும் அது ஆயுசுக்கும் போகாது. அந்தத் தொழிலையே விட வேண்டி வரும்.

மூன்றாவது நெஞ்சு. தொண்டைக் கரகரப்பு, வறட்டு இருமல், மூச்சு இறுக்கம். ஆஸ்துமா உள்ளவர்களுக்கு உடனே இழுப்பு வரும். சிகரெட் பிடிப்பவர்களுக்கு, நெஞ்சிலிருந்து தூசைத் தள்ளும் சக்தி ஏற்கெனவே குறைந்திருக்கும். இந்தத் தூசும் சேர்ந்தால் கேட்கவே வேண்டாம்.

வேகமாகச் சுற்றும் மிஷினில் வைத்து அழுத்தினால் பலகை சூடாகிக் கருகும். மைக்கார்டாவிலிருந்து மூக்கைத் துளைக்கும் மருந்து வாசம் வரும். அந்த வாசத்தில் ஃபார்மால்டிஹைடும் இருக்கக் கூடும். கண் எரியும், தொண்டை எரியும். அளவு மீறி வருஷக்கணக்கில் இழுத்தால் புற்றுநோய் தரக் கூடியது என்று ஊர்ஜிதமான பொருள் அது. வாசம் வந்தால் உடனே நிறுத்துங்கள். மிஷின் வேகம் அதிகம், தாள் மழுங்கிவிட்டது, அல்லது அழுத்துவது அதிகம் என்று அர்த்தம்.

இரண்டு பலகைகளில் தனிக் கவனம்

ஒன்று, வீட்டிலேயே செய்யும் பலகை. பழைய ஜீன்ஸ் சிலுவாரை வெட்டி அடுக்கி, படகுக்கும் காருக்கும் ஒட்டுப்போடும் ஃபைபர் பிசினை ஊற்றிப் பலகை செய்கிறார்கள். அந்தப் பிசினின் ஆவி தலைவலியும் மயக்கமும் தரும். தூசுக்குப் போடும் முகமூடி ஆவியைத் தடுக்காது. அதற்கென்று கரி அடைத்த டப்பி தனியாக உண்டு. பிசினை இறுக வைக்கச் சொட்டுச் சொட்டாக ஊற்றும் மருந்து அதைவிடப் பொல்லாதது. கண்ணில் ஒரு துளி தெறித்தால் பார்வையே போகலாம். தெறித்துவிட்டால் அந்த நிமிஷமே பைப்பைத் திறந்து, குறைந்தது 15 நிமிஷம் கண்ணைக் கழுவிவிட்டு, நேரே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். கழுவாமல் வண்டியைத் தேடி ஓடாதீர்கள். பலகை நன்றாக இறுகும் வரை சில நாள் விட்டு வைத்து, பிறகே தேயுங்கள். நகத்தால் கீறினால் பிசுபிசுக்கும் பலகையைத் தேய்க்கவே கூடாது.

இரண்டு, பழைய இரும்புக் கடையில் கிடைக்கும் கறுப்பு, சாம்பல் நிறப் பலகை. பழைய மின்சாரப் பெட்டிகளில் கழற்றிய பலகைகள் சிலவற்றில் அஸ்பெஸ்டாஸ் கலந்திருக்கும். பார்வைக்கு மைக்கார்டா மாதிரியே இருக்கும். அஸ்பெஸ்டாஸ் இன்று இழுத்தால் 20, 30, 40 வருஷம் கழித்துக்கூட நோயாக வரும்; வந்தால் லேசில் விடாது. எங்கிருந்து வந்தது என்று தெரியாத பழைய பலகை சும்மா கிடைத்தாலும் வேண்டாம். அறுக்காதீர்கள், துளை போடாதீர்கள், தேய்க்காதீர்கள்.

தண்ணீர்தான் முதல் மருந்து

இனி எப்படிச் செய்வது என்று பார்ப்போம். பத்து வெள்ளிக்கும் குறைவான சாமான் போதும்: ஒரு வாளித் தண்ணீர், இரண்டு சொட்டுப் பாத்திரம் கழுவும் சோப்பு, தண்ணீரில் நனைத்துத் தேய்க்கும் கறுப்பு மணல் தாள். சாதா மஞ்சள் தாள் தண்ணீரில் கரைந்துவிடும்; கறுப்புத் தாளைக் கேட்டு வாங்குங்கள். நனைந்த தூசு பறக்காது. சேறாகித் தாளிலேயே தங்கிவிடும். தாளும் அடைபடாமல் நெடுநேரம் வெட்டும், பலகையும் சூடாகாது. ஒரே தண்ணீரில் மூன்று லாபம்.

கத்தியின் வாயைத் தீட்டுவதைக் கடைசிக்கு வைத்துக்கொள்ளுங்கள். அதற்கு முன்பே அலகு முழுவதும் தடித்த ஒட்டுத் தாளைச் சுற்றிவிடுங்கள். வழுக்கும் ஈரக் கையில் கூர்க்கத்தி ஆகாது.

முதல் வடிவத்தை அரத்தால் கொண்டுவாருங்கள். அரம் சீவுவது பெரிய துகள். பெரும்பாலும் கீழே விழுந்துவிடும். மிஷின் அரைப்பது பொடித்தூசு. அரம் கொஞ்சம் நேரம் எடுக்கும், உண்மைதான். ஆனால் ஒரு பிடிக்கு ஒரு மணி நேரம் கூடுதலாகப் போனால் என்ன, நெஞ்சு மிச்சமாகிறதே!

பிறகு மணல் தாள். பின்பக்கம் அச்சடித்த எண்ணைப் பாருங்கள். எண் கூடக் கூட மணல் நைசு. 120ல் தொடங்கி 220, அதன்பின் 400. ஒரு தாளில் நெட்டுவாக்கில் தேய்த்தால் அடுத்த தாளில் குறுக்கே தேயுங்கள். முந்தின தாளின் கீறல் முழுக்க மறைந்த பிறகே அடுத்ததுக்குப் போகலாம். அவசரப்பட்டு எண்ணைத் தாண்டினால் பழைய கீறல் கடைசியில் பல்லைக் காட்டும். திரும்ப முதலிலிருந்து தேய்க்க வேண்டும், அவ்வளவு தூசும் மறுபடி.

எதுவரைக்கும் தேய்ப்பது? அலமாரியில் வைக்கும் கத்தி என்றால் 600, 800, 1000 என்று போய் மெருகு மாவும் போடலாம். வேலைக்குப் போகும் பாராங்குக்கு 400 போதும். அதற்கு மேல் கண்ணாடி மாதிரி ஆக்கினால் வியர்வைக் கையில் வழுக்கும். துணி மைக்கார்டாவைக் கொஞ்சம் சொரசொரப்பாக விட்டால் ஈரத்திலும் கை பிடித்துக்கொள்ளும். பளபளப்பைக் குறைத்தால் வேலையும் குறைகிறது, தூசும் குறைகிறது, கையும் பத்திரம்.

மெருகேற்றும் சக்கரத்தைப் பற்றி ஒரு வார்த்தை. சுற்றுகிற துணிச் சக்கரத்தில் கத்தியின் முனையோ ஓரமோ மாட்டினால் கண் இமைக்கும் முன் பிடுங்கி எறிந்துவிடும். கத்தி தொழிலில் அதைவிடப் பயங்கரமான மிஷின் இல்லை என்பார்கள். பழகாதவர்கள் தொடாதீர்கள். கைத் துணியில் மெருகு மாவைத் தொட்டுத் தேய்த்தாலே போதிய மினுக்கு வரும்.

தண்ணீரையும் மின்சார மிஷினையும் ஒன்று சேர்க்கவே சேர்க்காதீர்கள். ஈரக் கையால் பிளக்கைத் தொட்டால் தூசுக்குத் தப்பி ஷாக்கில் மாட்டிக்கொண்ட கதையாகும். கார்பன் ஃபைபர் தூசு மின்சாரம் கடத்தும். மோட்டாருக்குள் போனால் மிஷினே எரியும்.

முகமூடி: எது உதவும், எது உதவாது?

கைக்குட்டை உதவாது. கோவிட் காலத்தில் கட்டிய நீல முகக்கவசமும் இந்தத் தூசுக்கு உதவாது. பக்கவாட்டில் காற்று புகுந்துவிடும். குறைந்தது ‘என்-95’ வேண்டும். இரண்டு வாரையும் போட்டு, மூக்குக் கம்பியை அழுத்தி, இடைவெளி இல்லாமல் உட்கார வேண்டும். அடிக்கடி செய்கிறவர்கள் ‘பி-100’ வடிகட்டி மாட்டும் ரப்பர் முகமூடி வாங்கிக்கொள்வது மேல். சரியாக உட்கார்ந்தால் என்-95 வடிகட்டி சோதனைத் தூசில் 95 சதவீதத்தையும், பி-100 வடிகட்டி 99.97 சதவீதத்தையும் பிடிக்கும். தாடி வைத்திருந்தால் எந்த முகமூடியும் முகத்தோடு ஒட்டாது. தம்பிமார்கள் தாடியா, தொழிலா என்று யோசித்துக்கொள்ளுங்கள்!

கண்ணுக்கு மூடிய கண்ணாடி, கைக்கு ரப்பர் கையுறை, முழுக்கைச் சட்டை. சுழலும் மிஷின் பக்கத்தில் மட்டும் கையுறை வேண்டாம், இழுத்துக்கொள்ளும்.

இடமும் துப்புரவும்

அஞ்சடியும் குசினியும் இதற்கான இடம் இல்லை. வீட்டை விட்டுத் தள்ளி, காற்று உங்கள் முதுகுப் பக்கமிருந்து வீசும் இடமாகப் பார்த்து உட்காருங்கள். பக்கத்தில் பிள்ளைகள், வயிற்றுப் பிள்ளைக்காரிகள், இழுப்புக்காரர்கள் இருக்கக் கூடாது. காப்பிக் குவளையும் சிகரெட்டும் அங்கே வேண்டாம்.

முடித்ததும் காய்ந்த துடைப்பத்தால் கூட்டாதீர்கள், காத்தாடி போட்டு விரட்டாதீர்கள், காற்றுக் குழாயால் ஊதாதீர்கள். ஈரத் துணியால் துடைத்து, சேற்றைப் பழைய பேப்பரில் வழித்து, ஈரத்தோடே பையில் கட்டிக் குப்பையில் போடுங்கள். காய விட்டால் மறுபடி பறக்கும். வாளித் தண்ணீரை வாசல் லொங்காங்கில் ஊற்றாமல் தெளிய வைத்து, அடியில் தங்கும் சேற்றையும் அப்படியே கட்டிப் போடுங்கள்.

சட்டையை உதறாமல் தனியாகத் துவையுங்கள். பிள்ளையைத் தூக்குவதற்கு முன் குளியுங்கள். ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டு மெதுவாகக் கழுவ வேண்டும். அழுத்தித் தேய்த்தால் முள் இன்னும் உள்ளே போகும். அப்புறமும் குத்தினால் ஒட்டுத் தாளை அந்த இடத்தில் ஒட்டி மெல்ல உரித்து எடுங்கள். நூல் அதோடு வந்துவிடும்.

“பால் குடிச்சா தூசு இறங்கிடும், வாழைப்பழம் தின்னா நெஞ்சு சுத்தமாயிடும்” என்று சொல்பவர்கள் இருக்கிறார்கள். பாலும் பழமும் போவது வயிற்றுக்கு. தூசு போவது நுரையீரலுக்கு. இரண்டுக்கும் குழாய் வேறு. பால் குடியுங்கள், நல்லதுதான். முகமூடிக்கு அது ஈடாகாது.

எப்போது ஆஸ்பத்திரிக்கு வர வேண்டும்?

இருமல் இரண்டு வாரத்துக்கு மேல் நின்றால் தூசு இருமல் என்று நீங்களே தீர்ப்புச் சொல்லாதீர்கள். காசநோயும் அப்படித்தான் ஆரம்பிக்கும். சளிப் பரிசோதனை செய்ய வேண்டும். மூச்சு இழுத்தால், கண் வலித்துச் சிவந்தால், தோல் வீங்கிக் கொப்பளித்தால் அன்றைக்கே வாருங்கள். வரும்போது என்ன வேலை செய்தோம், எந்தப் பலகை, எந்தப் பிசின் என்று மறைக்காமல் சொல்லுங்கள். பக்கவேலை செய்வது தெரிந்துவிடும் என்று பயப்பட வேண்டாம். காரணம் தெரியாமல் கொடுக்கும் மருந்து பாதி மருந்துதான்.

நம் பிள்ளைகள் சிலர் வெளியே பட்டறைகளில் இதே வேலையைக் கூலிக்குச் செய்கிறார்கள். அவர்களுக்கும் ஒரு சேதி. 1994ஆம் ஆண்டின் வேலையிடப் பாதுகாப்பு, சுகாதாரச் சட்டம் முதலாளியின் பொறுப்பைத் தெளிவாகச் சொல்கிறது. சட்டப்படி முதலாளி தர வேண்டிய முகமூடிக்கோ பாதுகாப்புச் சாமானுக்கோ உங்கள் சம்பளத்தில் கை வைக்கக் கூடாது. 2024 ஜூன் 1 முதல் அமலுக்கு வந்த திருத்தம் அச்சட்டத்தை மேலும் பல வேலையிடங்களுக்கு விரிவாக்கியிருக்கிறது. “முகமூடி எங்கே?” என்று கேட்பது திமிர் இல்லை; உங்கள் உரிமை.

கத்தரித்துச் சுவரில் ஒட்டி வைக்கச் சில வரிகள்:

1. காய்ந்தபடி தேய்க்காதே, நனைத்துத் தேய்.
2. மிஷினுக்கு முன் அரத்தை எடு.
3. ஊர் பேர் தெரியாத பழைய பலகையைத் தொடாதே.
4. முகமூடி இல்லாமல் உட்காராதே. முடித்ததும் உடனே கழற்றாதே, தூசு அடங்கி இடத்தைத் துடைத்த பிறகு கழற்று.
5. வேலைக்கத்திக்கு 400ஆம் எண் தாள் போதும்.
6. குளித்த பிறகே பிள்ளையைத் தூக்கு.

கத்திப் பிடி உடைந்தால் இன்னொன்று போட்டுக்கொள்ளலாம். நெஞ்சுக்கு அந்த வசதி இல்லை. ஒரு வாளித் தண்ணீருக்குச் சோம்பல் படாதீர்கள்.